வீட்டுக் கைவேலை: ஒரு பிடி நூலில் ஓர் ஆடை

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று பெரியோர் சொன்னது வீட்டைப் பற்றி. ஆனால் ஊசியும் நூலும் எடுத்துப் பின்னல் வேலை செய்கிறவர்களுக்கு அதை விடப் பொருத்தமான உபதேசம் கிடைப்பது அரிது. பின்னல் என்ற பேச்சை எடுத்ததுமே நம் வீடுகளில் பலருக்கு உதகமண்டலமும், முழங்கை வரை நீண்ட கம்பளிச் சட்டையும், ஆறு மாதத்துச் சிரமமும்தான் நினைவுக்கு வருகின்றன. "நம் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு?" என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கேள்வி நியாயமானதே. புதுக்கோட்டைச் சீமையில் சித்திரையிலும் வைகாசியிலும் கம்பளிச் சட்டையைக் கண்ணால் பார்த்தாலே வியர்க்கும். ஆகையால் இந்த வாரம் ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. ஐம்பது அல்லது நூறு கிராம் நூலைக் கொண்டு, நம் ஊரில், நம் மனிதர்கள் உண்மையிலேயே உடுத்தக்கூடியதாக என்ன செய்யலாம் என்பதே விஷயம்.

பெரும்பாலான வீடுகளில் இந்த அளவு நூல் ஏற்கெனவே இருக்கிறது. பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்புக்காக வாங்கியதில் மிச்சம். வாசல் தோரணம் பின்னியதில் மிச்சம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை போடுவதாக ஆரம்பித்துப் பாதியில் நின்றது. எல்லாம் ஒரு பையில் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் தட்டில் கிடக்கும். அவற்றைக் கொண்டு கிளி பொம்மையும் பூச்சாடி விரிப்பும் செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பில் உடுத்தும் ஒரு பொருளுக்கு அந்த நூல் போதும் என்று தெரிந்த பிறகு, அதைப் பூச்சாடிக்குக் கொடுக்க மனம் வருமா என்பதுதான் கேள்வி.

சிறு அளவு நூல் என்பது நம் தேசத்தின் சரித்திரத்தில் அற்பமான விஷயம் அல்ல. 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் காந்தியடிகள் தம் ஆடையை ஒரு முழத் துண்டாகச் சுருக்கிக் கொண்டார். ஏழையின் துணி எவ்வளவோ, தம் துணியும் அவ்வளவே என்று அவர் முடிவு செய்த ஊர் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1924-ம் வருஷத்தில், காங்கிரஸ்காரர்கள் தினமும் அரை மணி நேரம் நூற்று, மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அவ்வருஷம் டிசம்பரில் காந்தியடிகள் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், அதையே வருஷத்துக்கு 24,000 கஜம் என்று அங்கத்தினர் சந்தாவாக ஆக்கிற்று. பணத்துக்குப் பதிலாக நூலைச் சந்தாவாகக் கேட்ட அரசியல் கட்சி உலகத்தில் வேறு உண்டா என்பது சந்தேகமே. மறு வருஷமே அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்த 2,000 கஜம் என்ற கணக்கை நாம் சற்றுப் பார்க்கலாம்.

பருத்தி நூலுக்கு நம்பர் சொல்லும் முறை நெசவாளர் யாவருக்கும் தெரிந்தது. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே நம்பர். பத்தாம் நம்பர் நூல் என்றால் ராத்தலுக்குப் பத்துச் சிட்டம், அதாவது 8,400 கஜம். அந்தக் கணக்கில் 2,000 கஜத்தின் எடை ஏறக்குறைய 108 கிராம். இது நெசவுக்கான மெல்லிய நூல். ஊசியில் பின்னுவதற்கு எட்டு இழை சேர்த்து முறுக்க வேண்டும். அப்போது 250 கஜம் பின்னல் நூல் கிடைக்கும். ஒரு தேசபக்தர் ஒரு மாதம் தினம் அரை மணி நேரம் நூற்றதன் பலன், நம் அலமாரியின் மேல் தட்டில் சும்மா கிடக்கும் ஒரு பை நூலுக்குச் சமம்! இதை நினைத்தால் அந்தப் பையைக் கொஞ்சம் மரியாதையோடு கீழே இறக்கத் தோன்றும்.

நம்மை ஆண்டவர்களின் நாட்டிலும் ஒரு சமயம் இந்தச் சிக்கனம் வந்து சேர்ந்தது. 1941-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி இங்கிலாந்தில் துணிப் பங்கீடு ஆரம்பமாயிற்று. முதல் வருஷத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன். பின்னல் கம்பளி வேண்டுமானால் 2 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 57 கிராமுக்கு, ஒரு கூப்பன் கொடுக்க வேண்டும். அக்காலத்தில் அந்த நாட்டுப் பெண்கள் பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்துப் புதிதாகப் பின்னினார்கள். பற்றாக்குறை வந்தால் எந்த நாட்டிலும் கை கற்றுக்கொள்கிறது. பற்றாக்குறை இல்லாத போதும் அந்தப் பாடத்தை மறவாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தெரிய வேண்டியது கணக்கு. பின்னல் வேலையில் பாதித் துக்கம் நூல் நடுவில் தீர்ந்து போவதால் வருவது. கடைக்கு ஓடினால் அதே நிறம் கிடைக்காது. கிடைத்தாலும் சாயத்தில் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும். இதற்குப் பரிகாரம் மாதிரிச் சதுரம். நடுத்தரக் கனமுள்ள நூலை எடுத்து, 4 மில்லிமீட்டர் ஊசியில் (பழைய கணக்கில் 8-ம் நம்பர்) 10 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சதுரம் பின்னுங்கள். சாதாரணமாக அகலத்துக்கு 22 கண்ணியும் உயரத்துக்கு 30 வரிசையும் வரும். அந்தச் சதுரத்தைத் தராசில் வையுங்கள். ஏறக்குறைய நாலரை கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் இவ்வளவு சிறிய எடை சரியாகத் தெரியாவிட்டால், பின்னுவதற்கு முன்னும் பின்னும் நூல் உருண்டையையே நிறுத்து வித்தியாசம் பார்க்கலாம். அல்லது தெரிந்த நகைக்கடைக்காரரிடம் ஒரு நிமிஷம் தராசை இரவல் கேட்கலாம்.

இப்போது எந்த ஆடைக்கும் நூல் கணக்குப் போடலாம். ஆடையின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, நூறால் வகுத்தால் எத்தனை சதுரம் என்று தெரியும். அதை நாலரையால் பெருக்கினால் கிராம் கணக்கு. 120 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மப்ளருக்குப் பதினெட்டுச் சதுரம். சுமார் 80 கிராம். நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றரை மீட்டர் நீளச் சால்வைக்கு அறுபது சதுரம், 270 கிராம். பிறந்த குழந்தையின் கையில்லாச் சட்டைக்குப் பத்துச் சதுரம், 45 கிராம். குழந்தைத் தொப்பிக்கு 20 கிராம் போதும். ஆகவே, நூறு கிராம் நூலில் ஒரு சட்டை, இரண்டு தொப்பி, மிச்சம் பதினைந்து கிராமில் ஒரு ஜோடிக் காலுறை. அதே நூறு கிராம் பெரியவர் ஒருவரின் சட்டைக்கு முதுகுப் பக்கம் கூடப் போதாது. சிறு நூல் யாருக்கு உரியது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது அல்லவா?

நூல் உருண்டை தேயத் தேய இன்னொரு சந்தேகம் எழும்: "மிச்சம் இருப்பது இந்த வரிசைக்குப் போதுமா?" சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப் போல மூன்று மடங்கு நூல் செல்லும். நான்கு மடங்கு கையில் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்தி, கண்ணிகளை முடிக்கும் வேலையைப் பாருங்கள்.

சிறு நூலில் வேலை செய்வோர் ஏன் பிறந்த குழந்தையின் தொப்பியை முதலில் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது அழகுக்கான காரியம் அல்ல.

தாயின் வயிற்றில் இதமான வெப்பத்தில் இருந்த சிசு, நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. அதன் தலை உடம்பின் அளவுக்கு மிகப் பெரியது. ஆகையால் தலை வழியாகப் போகும் சூடும் அதிகம். நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக் கொள்ள அதற்குத் தெரியாது. தோலுக்கடியில் உள்ள ஒரு வகைக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும், 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் அந்தக் கொழுப்பும் சொற்பம். சிசுவின் உடம்பு வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்ஷியஸுக்குள் இருக்க வேண்டும். 36.5-க்குக் கீழே போனால் குளிர்ச்சி பிடித்துவிட்டது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். குளிர்ந்த குழந்தை பால் குடிக்கச் சோம்பும், பால் குடிக்காவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மேலும் குளிரும். இந்தச் சக்கரம் சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

"நம் ஊர் வெயிலில் குழந்தைக்குக் குளிருமா?" என்று கேட்கலாம். நமக்கு இதமாகத் தோன்றும் மின்விசிறிக் காற்று, ஈரத்தோடு இருக்கும் சிசுவுக்குக் குளிர்காற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிப் பனியும் நம் ஜில்லாவுக்கும் உண்டு. போதாததற்குக் குளிர்சாதன அறை வேறு வந்துவிட்டது. பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்றும், குழந்தையை உடனே துடைத்துத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி வைக்க வேண்டும் என்றும், முதல் ஸ்நானத்தை 24 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்றும், தலைக்குத் தொப்பி அணிவிக்க வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. பிறந்தவுடன் குழந்தையைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதையே கடமையாக எண்ணும் பாட்டிமார்கள் இதைக் கேட்டுச் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். ஒரு நாள் தாமதத்தால் சுத்தம் கெட்டுவிடாது.

மார்போடு அணைத்து வைக்கும் முறைக்குக் கங்காரு முறை என்று பெயர். தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டாவில், 1978-ம் வருஷம், வெப்பப் பெட்டிகள் போதாமல் தவித்த ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற வைத்தியர் இதை ஆரம்பித்தார். பெட்டி இல்லாத குறைக்குத் தாயின் மார்பே பெட்டியாயிற்று. பின்னர் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து தேசங்களின் ஆஸ்பத்திரிகளில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் எடை குறைந்த சிசுக்களின் மரணம் சுமார் கால் பங்கு குறைகிறது என்று 1921-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2021-ல், அதன் முடிவு வெளியாயிற்று. இந்த முறையில் குழந்தையின் உடம்பில் இருப்பவை இரண்டு மூன்று பொருள்கள் மட்டுமே: இடுப்பில் ஒரு துணி, காலில் உறை, தலையில் தொப்பி. உயிரைக் காப்பது தாயின் மார்பே. தொப்பி அதற்குத் துணை. துணையை மூலமாக்கிப் பேசுவது தவறு. ஆனால் அந்தத் துணைக்கு வேண்டியது இருபது கிராம் நூல் என்பதை மறந்துவிடுவதும் தவறு.

புதுக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பாத்தியதை உண்டு. தாய் சேய் நலத்துக்காக உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ம் வருஷம் பிறந்தது இந்த ஊரில். ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் பணி செய்தார். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரால் நடக்கிறது. அவர் பிறந்த ஊரில் பிறக்கும் ஒரு குழந்தை தலையில் தொப்பியின்றி நடுங்குவது நமக்குப் பெருமையாகாது.

இனித் தொப்பியின் முறை. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். தொப்பி பற்றிக்கொண்டு நிற்க வேண்டுமானால் அதை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

4 மில்லிமீட்டர் ஊசியில் 72 கண்ணி ஏற்றிக் கொள்ளுங்கள். முதல் 3 சென்டிமீட்டர், இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு எதிர்க் கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இது ரப்பர் போல இழுபடும் விளிம்பு. பின்பு ஒரு வரிசை முழுவதும் நேர்க் கண்ணி, மறு வரிசை முழுவதும் எதிர்க் கண்ணி என்று, ஆரம்பத்திலிருந்து மொத்தம் 9 சென்டிமீட்டர் வரும் வரையில் செல்லுங்கள். இனிக் குறைக்க வேண்டும். நேர் வரிசையில் ஏழு கண்ணி பின்னி, அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். இப்படி வரிசை முடிய எட்டுத் தடவை செய்தால் 64 கண்ணி மிஞ்சும். மறு வரிசை குறைக்காமல் எதிர்க் கண்ணி. அடுத்த நேர் வரிசையில் ஆறு கண்ணிக்குப் பிறகு இரண்டைச் சேருங்கள், 56 மிஞ்சும். இவ்விதமே ஒவ்வொரு நேர் வரிசையிலும் எட்டு எட்டாகக் குறைத்து வந்தால் கடைசியில் எட்டுக் கண்ணி நிற்கும். ஒரு முழ நீளம் விட்டு நூலை அறுத்து, தையல் ஊசியில் கோத்து, அந்த எட்டுக் கண்ணிகளின் வழியாக இழுத்து முடிச்சிடுங்கள். அதே நூலால் பின்பக்க ஓரங்களைத் தட்டையாகச் சேர்த்துத் தைத்தால் தொப்பி தயார். எடை குறைந்த குழந்தைக்கானால் 72-க்குப் பதிலாக 64 கண்ணி ஏற்றி, 8 சென்டிமீட்டரில் குறைக்க ஆரம்பியுங்கள். முதல் தடவை ஆறு கண்ணிக்குப் பிறகு இரண்டைச் சேர்க்க வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றே. மிகச் சிறிய தலைக்கான அளவு கடையில் கிடைப்பது அருமை. வீட்டுக் கை அங்கேதான் கடையை வெல்லுகிறது.

சட்டைக்கு முதுகு ஒரு துண்டு: 50 கண்ணி, 22 சென்டிமீட்டர் உயரம். முன்பக்கம் இரண்டு துண்டு: ஒவ்வொன்றும் 25 கண்ணி, அதே உயரம். தோளில் இருபுறமும் பதினைந்து கண்ணி அகலத்துக்கு முன்னையும் பின்னையும் சேர்த்துத் தைக்க வேண்டும். பக்கங்களில் மேலே 9 சென்டிமீட்டர் கைக்கு விட்டு, மற்றதை மூட வேண்டும். நம் பாட்டிமார் தைத்த ஜபலாவைப் போல இது முன்பக்கம் திறந்தது. தலை வழியாக மாட்டும் தொந்தரவு இல்லை. மார்பில் இரண்டு குட்டையான துணி நாடா வைத்துத் தைத்தால் போதும். கழுத்தருகே நாடா கூடாது.

எந்த நூல் நல்லது? நம் ஊருக்குப் பருத்தியே சிறந்தது. வியர்வையை உறிஞ்சும்; கொதிநீரில் துவைக்கலாம். ஆனால் பருத்திக்குக் கம்பளியைப் போல இழுபடும் குணம் இல்லாததால், விளிம்பைக் கொஞ்சம் மெல்லிய ஊசியில் பின்ன வேண்டும். ஈரமானால் சூடு தாங்காது. உடனே மாற்ற வேண்டும். சுத்தக் கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். ஆனால் சில குழந்தைகளுக்கு உறுத்தும். கடைகளில் "உல்லன் நூல்" என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். விலை மலிவு, நிறம் அழகு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டும் வழக்கம் உள்ள வீடுகள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் சுவாசத்துக்கு அந்தப் புகையே நல்லதல்ல. அக்ரிலிக் தொப்பியோடு தணலருகே காட்டுவது அதனினும் ஆபத்து.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. குழந்தையின் உடையில் மணி, பொத்தான், குஞ்சம், ரிப்பன் எதுவும் வேண்டாம். அவை கையில் வந்தால் வாய்க்குத்தான் போகும். உட்புறம் நூல் முனை தொங்கக்கூடாது. காலுறைக்குள் கிடக்கும் ஓர் இழை சிறு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் உறையை வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்த பிறகே அணிவிக்க வேண்டும். முக்கியமாக, தொப்பி எப்போதும் போடுவதற்கானது அல்ல. பிறந்த சில மணி நேரங்களுக்கும், எடை குறைந்த குழந்தைக்கு வைத்தியர் சொல்லும் காலம் வரைக்கும், மழைக் குளிரில் வெளியே எடுத்துச் செல்லும்போதும் அது வேண்டும். நல்ல தேகமுள்ள குழந்தை வீட்டில், வெயில் காலத்தில், தலையை மூடிக்கொண்டு தூங்கலாகாது. குளிர் எப்படிக் கெடுதலோ, அதிகச் சூடும் அப்படியே கெடுதல். குழந்தையின் மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடையைக் குறையுங்கள்.

வீட்டில் குழந்தை இல்லாதவர்களுக்கும் சிறு நூலில் வேலை உண்டு. மார்கழி விடியலில் கோயிலுக்குப் புறப்படும் பாட்டிக்குத் தோளில் போட ஒரு முக்கோணத் துண்டு வேண்டும். இதற்கு நூலை மிச்சமின்றிச் செலவழிக்கும் உபாயம் ஒன்று இருக்கிறது. முதலில் நூல் உருண்டையை நிறுத்து எடையைக் குறித்துக் கொள்ளுங்கள். மூன்று கண்ணியில் ஆரம்பித்து, ஒரே ஓரத்தில் மட்டும் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள். உருண்டை சரிபாதி எடைக்கு வந்ததும், அதே ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒன்றாகக் குறைக்க ஆரம்பியுங்கள். நூல் தீரும் சமயத்தில் கண்ணியும் தீர்ந்துவிடும். தடித்த ஊசியில், நூலைச் சுற்றிப் போட்டுத் துளை விழும்படி பின்னினால் அதே நூல் இன்னும் அதிக அகலம் தரும். விளிம்புக்கான இழுபடும் பின்னல் நூலைத் தின்னும். துளைப் பின்னல் நூலை மிச்சப்படுத்தும். இந்த இரகசியம் தெரிந்தவர்களுக்கு எண்பது கிராம் நூல் ஒரு செல்வம்.

புது நூல் வாங்க வேண்டியதும் இல்லை. கிழிந்த கையாலான பழைய கம்பளிச் சட்டை இருந்தால் தையல்களை மட்டும் வெட்டிப் பிரித்து, துண்டு துண்டாக இழுத்தால் நூல் வரும். துணியை வெட்டி மிஷினில் ஓரம் அடித்த ஆடைகள் இதற்கு உதவா; வரிசைக்கு வரிசை நூல் அறுந்திருக்கும். பிரித்த நூல் சுருண்டு கிடக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நிழலில் கொடியில் தொங்கவிட்டு, கீழே சிறு கனம் ஒன்றைக் கட்டுங்கள். உலர்ந்ததும் சுருள் பெரும்பாலும் நேராகிவிடும்.

"கடையில் சில பத்து ரூபாய்க்கே குழந்தைத் தொப்பி கிடைக்கிறதே, இவ்வளவு சிரமம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். திருப்பூர் இருக்கும் மாகாணத்தில் இப்படிக் கேட்பது ஆச்சரியமல்ல. கதர் இயக்கக் காலத்தில் தமிழ்நாட்டுக் கதர் வேலைக்குத் தலைமையிடமாக இருந்த அந்த ஊர், பின்னால் பனியன் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்றது. இயந்திரத்தோடு ஊசி போட்டியிட முடியாது. போட்டியிட வேண்டியதும் இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் அலமாரியில் நூல் கிடக்கிறது; மாலையில் அரை மணி நேரம் கிடைக்கிறது; எங்கோ ஒரு பிரசவ வார்டில் மாற்றுத் தொப்பி இல்லாமல், நனைந்ததையே உலர்த்தி அணிவிக்கும் தாய் இருக்கிறாள். இந்த மூன்றையும் சேர்த்து வைக்கும் வேலையைக் கடை செய்யாது.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க விரும்புவோர் முதலில் வார்டின் தலைமை நர்ஸைக் கண்டு, என்ன அளவு தேவை, எந்த நூலை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டறிவது மரியாதை. கேளாமல் கொண்டு போய் மூட்டையாகக் கொட்டுவது தர்மமாகாது. அவர்களுக்கு அது வேலைப் பளு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வருத்தப்படாமல், உறவிலும் தெருவிலும் பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, சுத்தமான உறையில் வைத்து, நூலின் வகையை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

ஆண் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ராட்டை சுற்றிய காலத்தில் வக்கீல்களும் வாத்தியார்களும் பெருந்தலைவர்களும் கூச்சமின்றி நூற்றார்கள். ராட்டைக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லாத போது ஊசிக்கு மட்டும் ஏன்? எட்டாம் வகுப்புப் பையனுக்கு மாதிரிச் சதுரத்தின் கணக்கு ஒரு நல்ல விகிதப் பாடம். 72-லிருந்து எட்டெட்டாகக் குறைத்து வருவது, கரும்பலகையில் போட்டால் கொட்டாவி வரும். கையில் பின்னினால் மறக்காது.

ஒரு தொப்பிக்குப் பழகிய கைக்கு இரண்டு மூன்று மாலைகள் போதும். புதுக் கைக்கு ஒரு வாரம் ஆகலாம். முதல் தொப்பி கோணலாக வரும். அதனால் பாதகமில்லை, பிரித்தால் நூல் நூலாகவே திரும்பக் கிடைக்கும். வெட்டிய துணிக்கு இல்லாத பாக்கியம் இது. மேல் தட்டில் இருக்கும் பையை இன்றே இறக்கி, நிறுத்துப் பாருங்கள். இருபது கிராமுக்குக் குறையாமல் இருந்தால், உங்கள் வீட்டில் ஒரு குழந்தையின் தொப்பி ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் பின்னப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: காலுறைக்குக் குதிகால் திருப்பும் முறை.